மதினியும் ரஷ்ய மாட்டு டாக்டரும்

எங்கள் தெருவில் ஒரு பெண் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். இப்போது ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை அப்படிப் போய்விட்டது, ஆகவே இது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அவள் கிளம்பும்போது அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் ரஷ்யாவைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவுக. அங்க குளிர் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நான் என் ஆயுளில் கண்ட பெரிய குளிர் கொடைக்கானல் குளிர்தான். அங்கேயும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு லாட்ஜை விட்டு வெளியே வரவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "கடுமையா இருக்கும்மா. ஆனா வறண்ட குளிர், ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவைத்தேன். ஒரு காலத்தில் எங்கள் ஊரில் ரஷ்யாவைப் பற்றி எல்லாருமே இப்படித்தான் பேசினோம். போனதில்லை, பார்த்ததில்லை, ஆனால் சந்தேகமே இருந்ததில்லை.

போன மாதம் அந்தப் பெண் வீடியோவில் கூப்பிட்டபோது, அவள் அம்மா போனை என் கையில் கொடுத்தாள். பெண்ணுக்குப் பின்னால் ஒரு பூங்கா, தரையெல்லாம் பனி, நடுவில் ஒரு சிலை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர், ஒரு மாட்டின் நெற்றியில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். "மாமா, இங்க மாட்டுக்கெல்லாம் செலை வச்சிருக்காங்க" என்று அவள் சிரித்தாள். கீழே எழுதியிருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். எனக்கு வந்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிடும் போலாயிற்று. "ஏம்மா, அது நம்ம மாட்டு டாக்டருல்லா!" என்றேன். அவள் அம்மா போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

மாட்டு டாக்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மைப் பெயர் மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளத்தில் இருக்கும். சொல்ல முயன்றவர்கள் எல்லாரும் பாதியில் இருமினார்கள். அவர் நிஜமாகவே மாட்டு வைத்தியர். ஒரு கூட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். அந்தப் பண்ணையில் ஒரு பசு, பால் கறப்பதில் முதல் பரிசு வாங்கிய பசு, ஒருநாள் செத்துப்போனது. பரிசு வாங்கிய பசு சாகலாமா? மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? அதிகாரிகள் கூடிப் பேசி, வேறொரு மாட்டுக்குச் செத்த பசுவுக்கு இருந்ததுபோலவே நெற்றியில் சுண்ணாம்பால் வெள்ளைப்பொட்டு வைத்து, அதே பெயரால் கூப்பிட்டு, வருகிற பெரியவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். பசு உயிரோடு இருக்கிறது என்று டாக்டரும் சொல்ல வேண்டும். அவர், "மாடு செத்துப்போச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தவருக்கு மாட்டைத் தொட அனுமதி இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் இயக்கும் வேலை கொடுத்தார்கள். லிப்டுக்குள் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து, மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே, அந்தச் செத்த மாட்டின் கதையை நாவலாக எழுதினார். எப்படியோ அது வெளிநாட்டில் அச்சாகிவிட்டது. உடனே அவரை விமானத்தில் ஏற்றி, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். போய் இறங்கிய நாட்டில் ஒரு சலவைக் கடை மாடியில் குடியிருந்தார். எங்கள் நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அங்குள்ள பத்திரிகைக்காரர்கள் ஆசையாகக் கேட்டபோது, "உங்கள் பாலில் தண்ணீர் இருக்கிறது" என்றார். எங்கே இருந்தாலும் யாரையும் திருப்திப்படுத்தாத மனிதர். எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

இந்த மனிதரை ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தது கோமதி மதினி.

அதற்கு முன்னால் ஒரு வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கொருமுறை சென்னையிலிருந்து ஒரு புத்தக வண்டி வரும். உள்ளே ஏறினால் ரஷ்யப் புத்தகங்களின் வாசனை அடிக்கும். பசையும் மையும் கலந்து, புதுச் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு வாசனை. நான் அப்போது ஒரு நூற்பாலையில் ஆபீஸ் குமாஸ்தா. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மூக்குக்கு அந்த வண்டி சொர்க்கம். வழவழ தாள், கெட்டி அட்டை, விலையோ பஜ்ஜி விலை. நாங்கள் புரட்சிக்காரர்களானதில் அந்த அட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

வாங்கிய புத்தகங்களை வைக்க ராஜு சைக்கிள் கடை மாடியில் ஒரு படிப்பகம் நடந்தது. கட்சியின் நகரச் செயலாளர் வேலுச்சாமி அண்ணாச்சிதான் அதற்கு எல்லாம். வேலைநிறுத்தத்தில் மில் வேலையை இழந்தவர், முழுநேர ஊழியர். பேச ஆரம்பித்தால் மைக் தேவையில்லை. அவர் மனைவிதான் கோமதி மதினி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தினமும் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். உலகத்தை மாற்றும் பொறுப்பு அண்ணாச்சியிடமும், அரிசி பருப்பு வாங்கும் பொறுப்பு மதினியிடமும் இருந்தது. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இருவரும் சண்டை போட்டே தீர்த்துக்கொண்டார்கள். சண்டை என்றால் பாத்திரம் பறக்கிற சண்டை இல்லை. விவசாயிகள் முதலில் விழிப்பார்களா, தொழிலாளிகள் முதலில் விழிப்பார்களா என்கிற மாதிரிச் சண்டை. "ரெண்டு பேரும் முழிக்கட்டும், மொதல்ல நீங்க காலையில முழிங்க" என்பார் மதினி.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் மதினிக்கு மாட்டு டாக்டரின் நாவல் இங்கிலீஷில் கிடைத்தது. படித்த கையோடு தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அப்போது மில் ஆபீஸின் ஸ்டென்சில் மெஷினில் யாருக்கும் தெரியாமல் ஓட்டி ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், வேண்டாம். மதினி முதல் அத்தியாயத்தைக் கொடுத்தார். படித்துவிட்டுச் சிரித்து உருண்டேன். ஆள் யார், எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. போட்டுவிட்டேன். அடுத்த அத்தியாயத்தையும் போட்டேன்.

அதற்குள் விஷயம் கட்சியின் மாவட்டக் குழு வரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு தோழர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். படிப்பகத்தில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்து விசாரித்தார்.

"தோழர், உங்க வீட்டுக்குள்ளயே ஏகாதிபத்தியம் நொழைஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சியிடம்.

"எங்க வீட்டுல எலி நொழைஞ்சாலே கோமதி விடமாட்டா தோழர், ஏகாதிபத்தியத்தையா விடுவா?" என்றார் அண்ணாச்சி.

யாரும் சிரிக்கவில்லை. கீழே கடையில் ராஜு மட்டும் தெலுங்கில் "ஏமி கர்மமு" என்று முணுமுணுத்து டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. மனைவியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் மாவட்டத் தோழர். ரசத்தில் உப்புக் குறைவு என்று சொன்னதற்கே ஒரு வாரம் சமையல் நின்றது என்றார் அண்ணாச்சி. அப்படியானால் பொதுக்கூட்டத்தில் அந்தப் புத்தகத்தைக் கண்டித்துப் பேச வேண்டும், இல்லையென்றால் செயலாளர் பதவியை விட வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணாச்சிக்கு அந்தப் பதவியைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. சரி என்றார்.

கண்டிக்க வேண்டுமென்றால் படிக்க வேண்டுமே. வீட்டில் படித்தால் மதினி பார்த்துவிடுவார். படிப்பகத்தில் படித்தால் தோழர்கள் பார்த்துவிடுவார்கள். ஆகவே என் பத்திரிகைகளையும், எப்படியோ மதினியின் மேசையிலிருந்து எடுத்த மிச்ச அத்தியாயங்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அய்யனார் கோவில் பாதையில் ஒரு மாந்தோப்புக்குப் போனார். நானும் கூடப் போனேன். சேற்றில் நடக்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். அதிகாரிகள் சுண்ணாம்புக் குவளையோடு வேறொரு மாட்டைத் துரத்துகிற இடம் வந்தது. அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. "ஏலே, பாவிப்பய எப்படி எழுதியிருக்கான் பாத்தியா!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தார். தோப்புக் காவல்காரர் நாங்கள் மாங்காய் திருட வந்து சண்டை போடுகிறோம் என்று கம்போடு வந்துவிட்டார்.

ஜவகர் மைதானத்தில் கூட்டம். அண்ணாச்சி மேடையேறி, கண்டிப்பதற்கு முன் கதையை விளக்க வேண்டுமல்லவா, விளக்கினார். மாடு மாதிரிக் கண்ணை உருட்டினார். அதிகாரி மாதிரி நடந்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்சிக் கூட்டத்தில் அப்படிச் சிரிப்பு எழுந்து நான் கேட்டதில்லை. மேடையில் மாவட்டத் தோழர் மட்டும் சிரிக்காமல் அண்ணாச்சியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "சிரிக்காதீக. இது நம்மளைச் சிரிக்க வச்சே கழுத்தறுக்குற கத. இதைத் தமிழ்ல கொண்டாந்தவுக யாரா இருந்தாலும், என் வீட்டு ஆளாவே இருந்தாலும் சொல்லுதேன், அவுக எதிரிக்குக் கூலி!" என்றார்.

பெண்கள் பக்கம் ஓரத்தில், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்த மதினி, கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தார். கைதட்டல் முடிகிறவரை நின்றார். பிறகு நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பேப்பரை விரித்து வைத்திருந்தார். தலைகீழாக இல்லை, ஆனால் படிக்கவும் இல்லை.

"எங்க போற?"

"வில்லிபுத்தூருக்கு. மடவார் வளாகத்துல ஒரு வீடு பாத்திருக்கேன்."

"ஏட்டி, மேடையில பேசுறதையெல்லாம் மனசுல வச்சுக்கிடலாமா?"

"மேடையில பேசுனதுதான் தப்பு. வீட்டுல பேசியிருந்தா நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன்."

"வில்லிபுத்தூர் என்ன வெளிநாடா? பஸ் ஏறுனா செத்த நேரம்."

"அந்த மாட்டு டாக்டரையும் செத்த நேரத்துலதான் பிளேன்ல ஏத்தி விட்டாக" என்றார் மதினி. பெட்டியை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அண்ணாச்சி எழுந்து நின்றார். கை நீட்டவும் தெரியவில்லை, தடுக்கவும் தெரியவில்லை.

என்னையும் என் பத்திரிகையையும் சேர்த்துக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கொள்கைக்காக நீக்கப்பட்டவன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஆனால் அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா விசாரித்துவிட்டு, "நீக்கிட்டாகன்னா, குடியா, பொம்பளைச் சகவாசமா?" என்று கேட்டனுப்பினார். மாடு என்று சொல்லவேண்டியதாயிற்று. அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது.

மடவார் வளாகத்து வீட்டின் முன்னறையில் ஞாயிறு சாயங்காலம் மதினி தன் மொழிபெயர்ப்பை வாசிப்பார். பள்ளிக்கூட டீச்சர்கள் சிலர், நான், அப்புறம் மம்சாபுரத்திலிருந்து பால் கொண்டுவருகிறவர்கள் இரண்டொருவர், கேனை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். "இதை எழுதுனவரு மம்சாபுரத்துக்காரரா டீச்சர்? எங்க ஊருல நடந்தது அப்படியே இருக்கே" என்று ஒருவர் கேட்டார். ரஷ்யாக்காரர் என்று சொன்னபோது, "அங்கயும் இதே தொல்லதானா" என்று நிம்மதியடைந்தார்.

அண்ணாச்சியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், வாசிப்புக்கு முன்னால். ரேஷன் கார்டு எங்கே, குடை எங்கே என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மதினி, "வாங்க, ஒக்காருங்க" என்பார், ஆபீஸருக்குச் சொல்வதுபோல. விருந்தாளிக்கு வைத்திருக்கும் டம்ளரில் டீ கொடுப்பார். அண்ணாச்சிக்கு அந்த டம்ளர்தான் பெரிய தண்டனை. குடித்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்துவிடுவார். ஒருதடவையாவது மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தால் என்ன என்று பஸ் ஸ்டாண்டு வரை கூடப்போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நான் பேசுனது கட்சியோட வார்த்தலே. கட்சியோட வார்த்தைக்கு நான் எப்படி மன்னிப்புக் கேக்க?" என்றார். இளைத்திருந்தார். சட்டைக் காலரில் அழுக்கு. ஹோட்டல் சாப்பாட்டில் அவருக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பிறகு, நாங்கள் நம்பியிருந்த அந்தச் செங்கொடி ரஷ்யாவே இல்லாமல் போயிற்று. உங்களுக்கு அது பேப்பரில் வந்த ஒரு செய்தியாக இருந்திருக்கும். எங்கள் படிப்பகத்தில் அது எழவு. எழவுக்கு நீக்கப்பட்டவனும் போகலாம் என்று நானும் போனேன். டி.வி.யில் கொடி இறங்குவதைக் காட்டினார்கள். ராஜு கீழேயிருந்து எல்லாருக்கும் டீ வாங்கி அனுப்பினார். யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் மடவார் வளாகத்தில் இருந்தேன். நாவலைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவு செய்து, மதினியும் நானும் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. அண்ணாச்சி. செருப்பு இல்லை. பஸ்ஸிலேயே விட்டுவிட்டாரோ, போட்டுக்கொண்டே வரவில்லையோ. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோமதி, மாடு செத்துப்போச்சு" என்றார்.

மதினி தலை நிமிராமல், "அது செத்து ரொம்ப நாளாச்சு. உங்களுக்கு இப்பத்தான் நாத்தம் வருது" என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார்.

"சாப்புட்டீகளா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"உள்ள வாங்க. கையக் கால கழுவுங்க."

அண்ணாச்சி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார். மதினி நார்த்தங்காய் ஊறுகாயை இலையின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு கரண்டி சோறு போட்டார். "நான் ஒன்னைக் கூலின்னு சொன்னேனே, கோமதி" என்றார் அவர், வாயில் சோற்றோடு. "சொன்னீக. மொதல்ல முழுங்குங்க, பொரையேறப் போகுது" என்றார் மதினி. நான் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டேன். அண்ணாச்சி அதற்குப் பிறகு ராஜபாளையத்துக்குக் குடி திரும்பவில்லை.

புத்தகம் வந்தது. அண்ணாச்சியே அதைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு தேரோட்டக் கூட்டத்தில் விற்றார். "சிரிக்கச் சிரிக்க ஒரு கதை, வாங்கிப் பாருங்க" என்று அதே மைக் வேண்டாத குரலில் கூவினார். பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. அட்டையில் மாட்டுப்படம் இருந்ததால் மாடு வளர்ப்புக்கு உதவும் என்று நினைத்துச் சிலர் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் மறுவாரம் வந்து, கோமாரி நோய்க்கு இதில் ஒன்றுமே போடவில்லையே என்று கோபித்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் ஒரு பிரதி ரொம்ப நாள் மேசைமேல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். தமிழில் அந்த மகாநாவலின் செல்வாக்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாட்டு டாக்டர் வயதான காலத்தில் தன் நாட்டுக்குத் திரும்பினார். ரயில் நிலையத்தில் பூங்கொத்தோடு நிற்கும் படம் வந்தது. மதினி அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். ஆனால் மனிதர் போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. பெண்கள் எல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும் என்று ஒரு பேட்டியில் சொல்லிவைத்தார். மதினி படத்தைச் சுவரோடு சுரண்டினார். "இந்த ஆளுக்காகவா நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தேன்?" என்று கத்தினார். அண்ணாச்சி ஈசிசேரில் சாய்ந்தபடி, "விடு கோமதி, எம்புட்டுக் கஷ்டப்பட்ட மனுசன். வயசான காலத்துல ஏதோ பேசுதாரு" என்றார். மதினிக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு நடந்ததுதான் நான் பார்த்த சண்டைகளிலேயே நல்ல சண்டை. அண்ணாச்சி எழுத்தாளரின் கட்சி, மதினி எதிர்க்கட்சி. இடையில் எனக்கு வந்த காபி ஆறிப்போனது.

அண்ணாச்சி இறந்தபோது பழைய தோழர்கள் ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மாவட்டத் தோழரும் கைத்தடியோடு வந்தார். மடித்த கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, போர்த்தலாமா என்று கேட்கத் தயங்கி நின்றார்கள். மதினி பார்த்துவிட்டு, "போத்துங்க. அவியளுக்குப் பிடிக்கும்" என்றார். அடுத்த சில வருஷங்களில் மதினியும் போய்விட்டார்.

சைக்கிள் கடை மாடியில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. சைக்கிள் கடையே இல்லை. புத்தக வண்டி எப்போது கடைசியாக வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. மடவார் வளாகத்து வீட்டை இடித்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டார்கள். இதெல்லாம் போகட்டும், கட்டடம் என்றால் இடியத்தான் செய்யும். எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது பஸ்ஸில் நடந்த விவாதங்கள்தான். ராஜபாளையத்தில் ஏறும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், வில்லிபுத்தூர் வருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். கண்டக்டரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு டிக்கெட் போட மறந்துவிடுவார். இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை வந்து பேசி முடித்துவிட்டுத் திரும்பி நடப்பார்கள்.

போன வாரம் அந்தப் பஸ்ஸில் போனேன். எல்லார் காதிலும் ஏதோ செருகியிருந்தது. பக்கத்தில் இருந்த பையனிடம், ரஷ்யாவில் இப்போது நடப்பது சரியா தப்பா, நீ என்ன நினைக்கிறாய் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். அவன் காதிலிருந்ததை எடுத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்:

"மாமா, கொஞ்சம் சவுண்ட கொறைங்க."